இரண்டாவது நிபுணர்

இத்தாலி மொழிக்கும் பண்பாட்டுக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறை இருந்தது என்பது, அதே மாடியில் இருந்த புள்ளியியல்காரர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பாதி அதை வரைபடக் கிடங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தது. நினைத்ததில் தப்பும் இல்லை. புவியியல் துறை பழைய வரைபடங்களைச் சுருட்டிச் சுருட்டி அடுக்கிவைத்திருந்த அறைதான் அது. இத்தாலித் துறை வந்தபோது பாதியை எடுத்துப் போனார்கள், மீதியை அடுத்த வாரம் எடுப்பதாகச் சொன்னார்கள். இருபத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது.

துறையில் ஒரு தலைவர், ஒரு ஆசிரியர், ஒரு நூலகப் பொறுப்பாளர். மூன்று பேரும் ஒரே ஆள். வளாகத்தில் அவருக்கு இத்தாலிக்காரர் என்று பெயர். மாதம் ஒருமுறை துறைக் கூட்டம் நடத்தியே ஆக வேண்டும் என்று விதி இருந்ததால், கடைசி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் நடத்துவார். தலைவர் முன்மொழிந்தார், உறுப்பினர் வழிமொழிந்தார், தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடுவார். ஒரே ஒரு மாதம் மட்டும் ‘நீண்ட விவாதத்துக்குப் பின்’ என்று எழுதியிருந்தது. ஜன்னலுக்குத் திரை போடலாமா வேண்டாமா என்பதில் அன்று அவருக்கே ஒரு முடிவுக்கு வர முடியவில்லையாம்.

அவர் ஒன்றும் இத்தாலியைத் தேடிப் போனவர் இல்லை. படிக்கிற வயதில் பிரெஞ்சு கேட்டுத்தான் விண்ணப்பம் போட்டார். இடமில்லை என்றுவிட்டார்கள். “இத்தாலி இருக்கு தம்பி, எடுத்துக்கோ. அந்த வகுப்புல ஃபேன் நல்லா ஓடும்” என்றார் விண்ணப்பம் வாங்கிய குமாஸ்தா. ரயில் ஓட்டுநராக இருந்த அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் யோசித்து, “அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டார். அப்படி ஃபேன் காற்றுக்காகப் போய் உட்கார்ந்தவர், முதல் வருஷம் முடிவதற்குள் அந்த மொழிமேல் பைத்தியமாகிவிட்டார். அது ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. வீட்டில் யாருக்கும் புரியாத ஒன்று தனக்கு மட்டும் புரிகிறது என்கிற சுகமாக இருக்கலாம்.

கல்யாணம் நடந்ததும் இத்தாலியின் புண்ணியத்தில்தான். அவர் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். இவரை எப்படிச் சம்மதித்தாய் என்று தோழிகள் கேட்டால், “யாருக்குமே வேலை குடுக்காத படிப்பாச்சே, வீட்டு வேலை செய்யறதுக்கு நேரம் இருக்கும்னு நெனச்சேன்” என்பார். நினைப்பு வீண் போகவில்லை. பாத்திரம் கழுவுவதில் இத்தாலிக்காரர் கெட்டிக்காரர்.

கெட்டிக்காரத்தனம் போதாத இடம் ஒன்று உண்டு. மார்க் போடுவதில் மகா கஞ்சர். விடைத்தாளைக் கையில் எடுத்துவிட்டால் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் இரக்கம் காட்டமாட்டார். அவர் சர்வீஸிலேயே அதிகபட்சமாகப் போட்ட மார்க் அறுபத்திரண்டு. அதையும் போட்டுவிட்டு ஒரு வாரம் மனசு உறுத்தியது என்றார். மாணவர்கள் அழுதுகொண்டு வந்து நிற்பார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார், நாற்காலி கொடுப்பார், ஒரு மார்க் கொடுக்கமாட்டார்.

இத்தனைக்கும் அந்த மார்க் கடைசி மார்க் இல்லை. இவர் மாணவர்களின் தாளை வெளியூர் நிபுணர் ஒருவரும் திருத்த வேண்டும் என்பது விதி. நாட்டில் இத்தாலித் துறை மொத்தமே இரண்டுதான். இன்னொன்று நாட்டின் மறுகோடியில் இருந்தது. அதிலும் ஆள் ஒருவர்தான். ஆகவே இவர் கட்டு அவரிடம் போகும், அவர் கட்டு இவரிடம் வரும். இவர் கட்டுரை எழுதினால் பிரசுரிக்கலாமா என்று அவரிடம் கேட்பார்கள், அவர் எழுதினால் இவரிடம். இவர் சிவப்பு மை, அவர் பச்சை மை. ‘இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?’ என்று பச்சை மையில் மாணவனிடம் கேட்டிருப்பார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டவருக்கும் தெரியும், படித்தவருக்கும் தெரியும். இத்தாலிக்காரர் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, அடுத்த தபாலில் போகிற கட்டில் ‘உன் ஆசிரியர் விடுப்பில் இருந்தாரா?’ என்று எழுதுவார்.

இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று இருபத்திரண்டு வருஷம். ஒரு கருத்தரங்கில் வந்த வினை. இத்தாலிய ஊர்களில் சாயங்காலம் குடும்பம் குடும்பமாகக் கடைத்தெருவில் நடந்துபோகும் பழக்கத்தைப் பற்றி இத்தாலிக்காரர் ஒரு கட்டுரை வாசித்தார். கேள்வி நேரத்தில் பச்சை மைக்காரர் எழுந்து, “அந்தக் கூட்டத்துல நீங்க நடந்திருக்கீங்களா?” என்று கேட்டார். இத்தாலிக்காரர் வாழ்க்கையில் ஒரே முறைதான் அந்த நாட்டுக்குப் போயிருந்தார், மூன்று வாரப் பயிற்சிக்கு. இரண்டாம் நாளே விடுதிப் படியில் கால் பிசகி, மீதி நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்தார். பொய் சொல்லியிருக்கலாம். “ஜன்னல்லேருந்து பார்த்தேன்” என்று உண்மையைச் சொன்னார். அரங்கமே கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து வீட்டில் பச்சை மைக்காரர் பெயர் வராத நாள் கிடையாது. வசவுதான், ஆனாலும் தினமும். நர்ஸம்மா வெறுத்துப்போய் அந்த மனிதருக்கு ஒரு பட்டம் சூட்டினார். தபால்காரர் கட்டைக் கொண்டுவந்தால், “என் சக்களத்தி கிட்டேருந்து கடுதாசி வந்திருக்கு” என்று உள்ளே குரல் கொடுப்பார்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் இத்தாலிக்காரருக்கு ஒரு குறை இருந்தது. ஊர் உலகம் பேராசிரியர் என்று கூப்பிட்டாலும், ஏட்டில் அவர் இணைப் பேராசிரியர். யாருக்கு இணை என்று யாரும் சொன்னதில்லை. முதல் முறை பதவி உயர்வுக்கு எழுதியபோது அலுவலகம் கட்டடம் மாறியதில் கோப்பு காணாமல் போனது. இரண்டாம் முறை குழு கூடிய அன்று தலைவருக்குப் பல்வலி. இதற்குள் மனைவி நர்ஸிலிருந்து தலைமை நர்ஸாகிப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. அவர் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாததுதான் இவரைக் குத்தியது. ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தபோது கடைசி முறையாக விண்ணப்பம் போட்டார். பேராசிரியராக ஒரு நாள் இருந்துவிட்டுப் போனாலும் போதும், இணையாகவே வீட்டுக்குப் போகக் கூடாது. வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

மூன்று வாரம் கழித்து, அரக்கு முத்திரை வைத்த ஒரு பெரிய உறை அவர் மேசைக்கு வந்தது. ‘மிக ரகசியம்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. இத்தாலித் துறையில் பதவி உயர்வு கோரும் ஒருவரின் ஆக்கங்களை மதிப்பிட்டு, நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, காரணங்களோடு ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று கடிதம் சொன்னது. உள்ளே ஏழு கட்டுரை, ஒரு புத்தகம். விண்ணப்பதாரர் யாரென்று தெரியாதபடி பெயர் இருந்த இடமெல்லாம் கறுப்பு மை பூசியிருந்தார்கள். புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த படத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணுக்கு மட்டும் ஒரு கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். மீசையை விட்டுவிட்டார்கள். அந்த மீசையைத்தான் இத்தாலிக்காரர் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். இரண்டு நிபுணர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அங்கீகரிக்கப்பட்ட இத்தாலி நிபுணர் பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பெயர் இருந்தது. இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டார்கள்.

அவர் உறையைத் தூக்கிக்கொண்டு ரகசியப் பிரிவுக்கு ஓடினார். பிரிவு அலுவலர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

“சார், இதை எனக்கு அனுப்பியிருக்கீங்க.”

“ஆமா சார். நீங்கதானே நிபுணர்.”

“இது யாரோட புத்தகம் தெரியுமா?”

அலுவலர் பதறிப்போய்க் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக எழுந்தார். “சொல்லாதீங்க சார்! ரகசியம். யாருன்னு உங்களுக்கே தெரியக் கூடாது.”

“நான்தான்யா அது!”

“அது எப்படி சார் உங்களுக்குத் தெரிஞ்சுது? மை பூசித்தானே அனுப்பினோம்? ரகசியம் கசிஞ்சிருக்குன்னா நான் மேலிடத்துக்கு விளக்கம் எழுதணும். விசாரணை வைப்பாங்க.”

“விசாரணை முடிய எத்தனை நாள் ஆகும்?”

“போன விசாரணை ரெண்டரை வருஷம் ஆச்சு.”

“சரி, எனக்கு வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டா?”

“தாராளமாக் குடுக்கலாம். பட்டியல்ல வேற நிபுணர் சேர்ற வரைக்கும் கோப்பு அப்படியே இருக்கும். அந்த விண்ணப்பதாரர் பாவம், யாரோ எவரோ, காத்துக்கிட்டு இருப்பாரு” என்று உண்மையான அனுதாபத்தோடு சொல்லிவிட்டு மறுபடி பென்சிலைச் சீவ உட்கார்ந்தார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட தலைமை நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் காரியத்தில் இறங்கிவிட்டார். “ரெண்டு பேரும் அறுபது போட்டா போதும்தானே? எழுபத்தஞ்சு போட்டு ஒட்டி அனுப்புங்க. யாரு கேக்கப் போறா?”

“நான் கேப்பேனே.”

“நீங்க கேட்டா நீங்களே சமாதானம் சொல்லிக்குங்க. உங்க கூட்டத்துல அதைத்தானே வருஷக்கணக்கா பண்றீங்க?”

அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, தொண்ணூறு போடுவது என்ற முடிவோடு கட்டுரைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். சும்மா ஒரு பார்வை பார்த்துவிடலாமே என்று முதல் கட்டுரையைப் புரட்டினார். அங்கேதான் தப்புச் செய்தார். படிக்காமல் போட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் பக்கத்திலேயே கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. சாயங்கால நடையைப் பற்றிய கட்டுரை. ‘ஆசிரியர் ஒரே ஒரு ஜன்னலை நம்பி ஒரு நாட்டைப் பற்றிப் பேசுகிறார்’ என்று ஓரத்தில் எழுதினார். எழுதியதும் பகீரென்றது. ஆனால் உண்மை. அடுத்தது புத்தகம். நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து வடக்கு இத்தாலியின் சமையலறைகளைப் பற்றி ஒரு முழு அத்தியாயம். எத்தனை சமையலறையைப் பார்த்துவிட்டு எழுதினோம் என்று யோசித்தார். விடுதிச் சமையலறை, அதுவும் நொண்டிக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்தபோது. குறித்துக்கொண்டார். ‘இந்தப் பொருள் இதுவரை யாராலும் ஆராயப்படாதது’ என்று ஏழு கட்டுரையிலும் ஒரு வரி இருந்தது. ‘ஆராய வேறு ஆளே இல்லை என்பதை ஆசிரியர் சாமர்த்தியமாக மறைக்கிறார்’ என்று எழுதியபோது அவருக்கு ஒரு குரூரமான திருப்தி கூட வந்தது. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டதற்கு, “இரு, இந்த ஆள் ஏகப்பட்ட தில்லுமுல்லு பண்ணியிருக்கான்” என்றார்.

சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் ஐம்பத்து நான்கு வந்தது. தன் வாழ்நாள் உழைப்பைத் தானே எடை போட்டு, தேறவில்லை என்று எழுதிவிட்டார். ஒரு ஆறு மார்க்கைக் கூட்டிவிடப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாக அழுதுகொண்டு வந்து நின்ற பிள்ளைகளுக்குக் கொடுக்காததை எந்த முகத்தோடு தனக்குக் கொடுத்துக்கொள்வது? கை வரவில்லை. உறையை ஒட்டி மறுநாள் அனுப்பிவிட்டார்.

மனைவியிடம் எண்ணைச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிட்டார். “உலகத்துல தன் சோத்துல தானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்ட ஆளை இப்பத்தான் பாக்கறேன்” என்றவர், மூன்று நாளைக்கு வார்டு நோயாளிக்குக் கொடுப்பது போல உப்புச் சப்பில்லாத சாப்பாட்டை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வேலைக்குப் போய்வந்தார். நான்காம் நாள், “ரெண்டாவது ஆள் என் சக்களத்தி. அவரு எவ்வளவு போட்டிருப்பாரோ?” என்றார். “முப்பத்தஞ்சு” என்றார் இத்தாலிக்காரர் சந்தேகமில்லாமல்.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் துறையில் தொலைபேசி அடித்தது. எடுத்தவுடனே மறுமுனையில் ஒரு கத்தல்.

“யாருங்க அந்த முட்டாள்?”

இருபத்திரண்டு வருஷமானாலும் குரல் மாறவில்லை. பச்சை மைக்காரர். இத்தாலிக்காரர் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

“எந்த முட்டாள்?”

“உங்க கோப்புல ரெண்டாவது நிபுணர்னு ஒருத்தன்! ரெண்டு கருத்தும் முரண்படுதாம், அவன் எழுதினதை டைப் அடிச்சு எனக்கு அனுப்பி, ஒத்துப் போறியான்னு கேக்கறாங்க. நான் ஒத்துப் போகணுமாம்! அவனோட! நம்ம நாட்டுல நம்ம ரெண்டு பேரைத் தவிர மூணாவதா ஒருத்தன் எங்கேருந்து முளைச்சான்?”

“தெரியலயே.”

“ஜன்னலாம் ஜன்னல்! ஒரே ஜன்னலை நம்பிப் பேசறீங்களாம். நடந்து போறவனுக்கு முன்னால போறவன் முதுகுதான் சார் தெரியும். ஜன்னல்ல உக்காந்தவனுக்குத்தான் மொத்தக் கூட்டமும் தெரியும். அன்னிக்கு நான் அப்படிக் கேட்டது தப்புன்னு ரயில்ல திரும்பி வரும்போதே எனக்குத் தோணிச்சு. சொல்லத்தான் வாய் வரல.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “ஆனா ஒண்ணு. ஆளு சாதாரணமானவன் இல்ல. நாப்பத்தோராம் பக்கம் சமையலறை விஷயத்தைப் பிடிச்சிருக்கான். உங்க புத்தகத்தை ஏழு தடவை படிச்சேன், எனக்கே அது படல. அதுதான் எரியுது. உங்க எழுத்துல குத்தம் கண்டுபிடிக்கிறது என் வேலை சார். முப்பது வருஷமா நான் பாக்கற வேலை. இவன் யாரு நடுவுல?”

ஏழு தடவை. தலைமை நர்ஸ் ஒரு தடவை கூடப் படித்ததில்லை, மாணவர்கள் தேர்வுக்கு வேண்டிய பக்கத்தைத் தவிரத் தொட்டதில்லை. இத்தாலிக்காரருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனிதரிடம் பொய் சொல்ல முடியாது என்று தோன்றியது.

“சார், அந்த முட்டாள் நான்தான்.”

சொல்லிவிட்டு ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார்.

“பட்டியல்ல ரெண்டு பேர்தானே சார் இருக்கோம்” என்றார் பரிதாபமாக.

“எவ்வளவு போட்டீங்க?”

“அம்பத்து நாலு.”

“அடப்பாவி மனுஷா, நான் எண்பத்தொண்ணு போட்டேன்யா!” என்று அலறியவர், அலறிய கையோடு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, “சரி, பேனா எடுங்க” என்றார். பாதகமான அறிக்கைக்கு விண்ணப்பதாரர் மறுப்பு எழுதலாம் என்று விதியில் ஒரு வழி இருந்தது. அவர் சொல்லச் சொல்ல இத்தாலிக்காரர் தனக்கு எதிராகத் தானே எழுதினார். நடுவில் இரண்டு முறை, “இல்ல சார், அந்த நிபுணர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு” என்று இழுத்தார். “நீங்க வாயை மூடிட்டு எழுதுங்க” என்றார் பச்சை மைக்காரர்.

ஓய்வுக்கு ஐந்து வாரம் இருந்தபோது ஒரே நாளில் இரண்டு உறைகள் வந்தன. முதலாவது, அவர் பேராசிரியராக உயர்த்தப்பட்டிருக்கிறார் என்ற ஆணை. இரண்டாவது மிக ரகசியம். ‘தாங்கள் மதிப்பிட்ட துறையில், அந்த நூலின் ஆசிரியருக்கு உள்ள அளவு அறிவு தங்களுக்கு இருப்பதாகக் குழு கருதவில்லை. ஆகவே தங்கள் பெயர் நிபுணர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது.’

முதல் கடிதத்தை ஒரு முறை படித்தார். இரண்டாவதை நாலு முறை படித்தார். மனைவிக்குச் சொன்னபோது அவர் வார்டையே கூட்டிவைத்துச் சொல்லிச் சிரித்தது தொலைபேசியில் கேட்டது. “பேராசிரியரே, வீட்டுக்கு வாங்க, இன்னிக்குப் பாத்திரம் நான் கழுவறேன்” என்றார். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் தனக்கு அறிவு போதாது என்று எழுதிவிட்டார்களே என்பது முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. அதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. எண்ணைச் சுழற்றினார்.

“வாழ்த்துகள், பேராசிரியரே” என்றார் பச்சை மைக்காரர். அவருக்கும் தகவல் போயிருந்தது. இவர் இரண்டாவது கடிதத்தைப் படித்துக் காட்டினார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

“எனக்கும் புதுப் பட்டியலை அனுப்பியிருக்காங்க. பக்கம் முழுக்க வெள்ளையா இருக்கு, மேல என் பேர் மட்டும். என்னமோ மாதிரி இருக்கு சார்” என்றார். பிறகு, “இனிமே என் கட்டு யார்கிட்ட போகும்?” என்று கேட்டார்.

அந்த மனிதர் தனியாக நின்று தவிக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷம் சபித்தவர் இவர். மேசையில் இருந்த தாள்களைத் தேவையில்லாமல் அடுக்கினார்.

“நாளைக்குக் காலைல வண்டி ஏறறேன். நேர்ல வந்து வாங்கிக்கறேன்” என்றார்.

மறுமுனையில் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. “வாங்க. வரும்போது உங்க ரெண்டாவது கட்டுரையை எடுத்துட்டு வாங்க. அதுல இன்னும் மூணு தப்பு இருக்கு.”